உதட்டுக் கொப்புளமும் பச்சைப் பிள்ளையும்: மலையகத் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காய்ச்சல் விட்டு எழுந்ததும் உதட்டோரத்தில் கொத்தாக முளைக்கும் சின்னக் கொப்புளத்தைப் பார்க்காதவர் தோட்டத்து லய வீடுகளில் யாரும் இருக்க முடியாது. ஒரு வாரம் எரியும், பொருக்குத் தட்டும், போய்விடும். அதற்காக யாரும் வேலைக்குப் போகாமல் இருப்பதில்லை. ஆனால் அதே கொப்புளத்தில் இருக்கும் கிருமி பிறந்து இருபது நாள் ஆன பிள்ளைக்குள் போனால் உயிருக்கே ஆபத்தாகலாம். கிருமி மாறவில்லை, அது போய்ச் சேர்ந்த உடம்புதான் வேறு. பிள்ளைகள் கிளினிக் வாங்கில் காத்திருக்கும்போது தாய்மாரும் அம்மாயிமாரும் கேட்பவற்றை எடுத்து, அவர்களுக்குச் சொல்வது போலவே இங்கே எழுதியிருக்கிறேன்.

ஹெர்பீஸ் என்று கிளினிக் துண்டில் எழுதிவிட்டார்கள். அது கெட்ட நோய் அல்லவா? என் பிள்ளைக்கு எப்படி வரும்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் சத்தமாகக் கேட்க மாட்டார்கள். துண்டை மடித்து மார்பில் செருகிக்கொண்டு, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கேட்பார்கள்.

ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்பது அந்த உதட்டுக் கொப்புளத்தைக் கொண்டுவரும் வைரஸின் பெயர். அதில் இரண்டு வகை உண்டு. முதலாவது வகை பெரும்பாலும் வாயையும் உதட்டையும் சுற்றி வரும். முத்தம், எச்சில், ஒரே கோப்பை, ஒரே கரண்டி என்று சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வகை பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும், உடலுறவு மூலம் பரவும். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருங்கிய ஆட்களிடம் முதலாவது வகை இருக்கிறது. ஆகவே மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் புண் வந்து, துண்டில் இந்தப் பெயர் இருந்தால், யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. வீட்டில் கொஞ்சிய யாரோ ஒருவரின் எச்சில்தான் காரணமாக இருக்கும். அவருக்கும் தன்னிடம் கிருமி இருப்பது தெரிந்திருக்காது.

அக்கி, அம்மை, இது எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் பல பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் பிந்தி வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அம்மை போட்டிருக்கிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் கொப்புளிப்பானை. அது வேறு வைரஸ், ஹெர்பீஸின் ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கொப்புளிப்பான் கிருமி பல வருடம் நரம்பில் ஒளிந்திருந்து, இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாகப் பட்டை போட்டு வந்தால் அதுதான் பெரியவர்கள் காவி எழுதுகிற அக்கி. உதட்டில் வரும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸையும் சிலர் அக்கி என்கிறார்கள், அதனால் ஒரே பெயருக்குள் இரண்டு நோய் ஒளிந்துகொள்கிறது. இன்னொன்று கை கால் வாய் நோய். அதில் வாய்ப்புண்ணோடு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளி வரும், ஈறு வீங்கி இரத்தம் வராது. அதுவும் வேறு வைரஸ்தான்.

அம்மனுக்கு வேப்பிலை கட்டி, வீட்டைச் சுத்தமாக வைத்து, பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நோய் பிறருக்குப் பரவாமல் இருக்க அது உதவவும் செய்யும். ஆனால் ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளையின் உடம்பில் ஒரே ஒரு நீர்க்கொப்புளம் தெரிந்தாலும், “தாய் இறங்கியிருக்கிறாள், மூன்றாம் தண்ணி ஊற்றிவிட்டுப் பார்ப்போம்” என்று காத்திருக்கக் கூடாது. வேப்பிலையைத் தொட்டிலில் கட்டுங்கள், பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தடையில்லை.

எனக்கு இந்த நோய் முன்பே வந்திருக்கிறது. என் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் வருமா?

வரும். இந்தப் பக்கத்தில் இருக்கும் நல்ல செய்தி இதுதான்.

ஒரு கிருமி ஒருமுறை உடம்புக்குள் வந்தால், அதை அடையாளம் கண்டு பிடிக்கிற பிறபொருளெதிரிகளை உடம்பு செய்து வைத்துக்கொள்ளும். கர்ப்ப காலத்தில், முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், அவை நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகின்றன. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளையின் இரத்தத்தில் அந்த அளவு தாயின் அளவுக்குச் சமமாகவோ, சற்றுக் கூடவோ இருக்கும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சீதனம் முழுதாகக் கிடைக்காது.

இதன் பலன் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. தாய்க்குப் பிறப்புறுப்பில் இந்த நோய் முன்பே வந்து, பிரசவ நேரத்தில் மறுபடி கிளம்பினால் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 100க்கு 2க்கும் குறைவு. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக, பிரசவத்துக்குச் சில வாரத்துக்கு முன் தாய்க்குத் தொற்றினால் அது 100க்கு 25 முதல் 60 வரை போகிறது. தாயின் உடம்பு பிறபொருளெதிரி செய்யத் தொடங்கி, அது பிள்ளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிடுகிறது.

இந்தச் சீதனம் தீர்ந்துபோகும் சீதனம். மாதத்துக்கு மாதம் குறைந்து, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது பெரும்பாலும் காலியாகிவிடும். அதனால்தான் வாய் முழுக்கப் புண் வரும் முதல் தொற்று ஆறு மாதத்துக்குப் பிறகு, ஐந்து வயதுக்குள் அதிகம் வருகிறது. அந்த வயதில் பிள்ளையே தன் சொந்த எதிர்ப்பைச் செய்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்திருப்பதால் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் பச்சைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆபத்து?

முன்பெல்லாம் விடிகாலையில் தப்பு என்ற பறையை அடித்துத்தான் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் கூட்டுவார்கள். உடம்பிலும் அப்படி ஒரு தப்புச் சத்தம் உண்டு. வைரஸ் நுழைந்த உயிரணு இன்டர்ஃபெரோன் என்ற பொருளை வெளியே விடும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து உயிரணுக்கள் கதவைச் சாத்தும், கொல்லும் அணுக்கள் ஓடிவரும், அவற்றுக்குப் பின்னால் டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் படையாக வந்து சேரும். பச்சைப் பிள்ளையின் உடம்பில் தப்புச் சத்தம் மெல்லியதாக இருக்கிறது. ஓடிவரும் அணுக்களுக்குப் பலம் போதாது, டி அணுக்கள் வந்து சேரவும் நாளாகும். தாய் கொடுத்த பிறபொருளெதிரி இரத்தத்தில் திரியும் கிருமியைப் பிடிக்கும், ஆனால் உயிரணுவுக்குள் புகுந்துவிட்டதைத் தனியாகத் துரத்த அதனால் முடியாது. அந்த இடைவெளியில் வைரஸ் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் போய்விடுகிறது.

பிள்ளை நோஞ்சான் என்பதால் இப்படி நடப்பதில்லை. மூன்றரைக் கிலோவில் கொழுகொழுவென்று பிறந்த பிள்ளைக்கும் இதே நிலைதான்.

இது அடிக்கடி வரும் நோயும் அல்ல. உலக அளவில் சுமார் 10,000 பிறப்புக்கு ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பயத்தில் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைக்கச் சொல்லவில்லை, அடையாளம் தெரிந்திருந்தால் போதும்.

பிறந்த பிள்ளைக்கு எந்த வழியில் தொற்றுகிறது?

நூறில் 85 பேருக்குப் பிரசவத்தின்போது, பிறப்புப் பாதையில். சுமார் 10 பேருக்குப் பிறந்த பிறகு, யாராவது முத்தம் கொடுத்தோ, கொப்புளத்தைத் தொட்ட கையால் பிள்ளையைத் தொட்டோ. மீதி 5 பேருக்கு வயிற்றுக்குள்ளேயே.

அதனால் கர்ப்பிணிகள் பிறப்புறுப்பில் கொப்புளமோ எரிவோ இருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் டொக்டரிடம் தனியாகச் சொல்லலாம். கடைசி வாரங்களில் மாத்திரை கொடுப்பார்கள். பிரசவ வலி வரும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள். உதட்டில் மட்டும் கொப்புளம் இருந்தால் சிசேரியன் தேவையில்லை.

சில வீடுகளில் பிள்ளை பிறந்ததும் வீட்டுப் பெரியவர் விரலால் சீனித்தண்ணி தொட்டு நாக்கில் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அவருடைய நல்ல குணம் பிள்ளைக்கு வரட்டும் என்பதுதான் எண்ணம். குணம் வருமோ என்னவோ, விரலில் இருப்பது கட்டாயம் வரும். முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் கொடுத்தால் போதும்.

என்ன அடையாளம் பார்த்தால் ஓட வேண்டும்?

பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள், சில வேளை ஆறு வாரம் வரையும் வெளிப்படும். தோலிலோ தலையிலோ நீர்க்கொப்புளம், கண் சிவந்து நீர் வடிதல் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். ஆனால் மூளைக்குள் போன பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குத் தோலில் ஒன்றுமே இருக்காது. அப்போது தெரிவது இவ்வளவுதான்: பால் குடிக்க மறுக்கும், எழுப்ப எழுப்பத் தூங்கும் அல்லது விடாமல் சிணுங்கும், உடம்பு சுடும் அல்லது வழக்கத்தைவிடக் குளிரும், மூச்சு வாங்கும், வலிப்பு வரும். காய்ச்சல் இல்லை என்பதால் நோய் இல்லை என்று நினைக்காதீர்கள்.

“நேற்று நன்றாகக் குடித்தது, இன்று மார்பைப் பிடிக்கவே இல்லை” என்று தாய் சொல்வதை நாங்கள் தர்மாமீட்டரைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வோம். யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு முறை சத்தமாகச் சொல்லுங்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, மருந்துத் தண்ணி வாங்கி, நாளை பார்க்கலாம் என்று நாள் கடத்தும் வயது இதுவல்ல. 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மழைக்காலத்தில் லயம் வரை வண்டி ஏறாது என்றால், எந்தச் சந்தியில் பிள்ளையோடு நிற்பீர்கள் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். நுவரெலியா, டிக்கோயா, பதுளை, கண்டி என்று உங்களுக்குக் கிட்ட இருக்கும் பெரியாஸ்பத்திரி எதுவானாலும் சரி. மேலும் பார்க்க வேண்டியிருந்தால் பேராதனைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்கு அவர்களே அனுப்புவார்கள்.

முதுகில் ஊசி போட்டுத் தண்ணி எடுக்க வேண்டும் என்கிறார்கள். பிள்ளைக்குக் கால் வராமல் போய்விடாதா?

போகாது. இந்தப் பயத்தால் கையெழுத்துப் போட மறுத்து வீட்டுக்குத் தூக்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் தனியாக எழுதுகிறேன். முள்ளந்தண்டு நரம்பு முதுகின் நடுப்பகுதியைத் தாண்டிச் சற்றுக் கீழே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே, நீர் நிறைந்திருக்கும் இடத்தில். எடுப்பது சில துளிகள்தான். அந்த நீரில் வைரஸின் சுவடு இருக்கிறதா என்று பார்த்தால்தான் மூளைக்குப் போயிருக்கிறதா, எத்தனை நாள் மருந்து கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. அசைக்ளோவிர். வைரஸ் புகுந்த உயிரணுவுக்குள்தான் இது விழித்துக்கொள்ளும், நல்ல உயிரணுக்களைப் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. இதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணிக்கு 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பச்சைப் பிள்ளைக்கு இதை ஊசியாகத்தான் ஏற்றுவார்கள். தோல், கண், வாயோடு நின்றிருந்தால் 14 நாள். மூளைக்கோ உடம்பு முழுக்கவோ பரவியிருந்தால் குறைந்தது 21 நாள். அதன் பிறகு ஆறு மாதம் வாயால் கொடுக்கும் மருந்து. இருபத்தொரு நாள் வார்டில் கிடப்பது லேசான விஷயமல்ல என்று தெரியும். வீட்டில் மற்றப் பிள்ளைகள் இருப்பார்கள், பேர், அதாவது நாள் கூலி, போகும், பஸ் காசு போகும். ஆனால் இந்த மருந்தெல்லாம் வருவதற்கு முன் உடம்பு முழுக்கப் பரவிய பிள்ளைகளில் 100க்கு 85 பேர் இறந்தார்கள். இப்போது அது சுமார் 30. மூளையில் மட்டும் பரவியவர்களில் 50 ஆக இருந்தது சுமார் 5 ஆகக் குறைந்திருக்கிறது. பிழைத்தவர்களில் சிலருக்கு வளர்ச்சிப் பின்னடைவு இருக்கும். மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்கியது என்பதை வைத்து அதுவும் குறையும். பத்தாம் நாள் பிள்ளை சிரிக்கிறது என்று துண்டு வெட்டிக்கொண்டு பாதியில் வீட்டுக்குப் போக வேண்டாம்.

எனக்கே உதட்டில் கொப்புளம். பால் கொடுக்கலாமா?

கொடுங்கள். பால் வழியாக இது பரவுவதில்லை. மாஸ்க் போடுங்கள், கொப்புளம் காய்ந்து பொருக்கு விழும்வரை பிள்ளைக்கு முத்தம் கொடுக்க வேண்டாம், தூக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். மார்பிலேயே கொப்புளம் வந்தால் மட்டும் அந்தப் பக்கம் நிறுத்தி, புண்ணை மூடி, மறுபக்கம் கொடுத்துக்கொண்டே டொக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு வாய் முழுக்கப் புண். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. என்ன செய்ய?

இது பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஈறு சிவந்து வீங்கி இரத்தம் கசியும், எச்சில் வழிந்துகொண்டே இருக்கும், வாய் நாறும், காய்ச்சல் 39, 40 பாகை என்று ஏறும். பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானாக ஆறும், தழும்பும் இருக்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் தொற்று வந்து போனதே தெரியாது, சிலருக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

சோறு இறங்காததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தண்ணி இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வருவது பெரும்பாலும் நீர் வற்றிப்போவதால்தான். ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் தூளைப் பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணியில் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஆறவைத்த கஞ்சி, தயிர், யோகட், ஐஸ்பழம் எல்லாம் நல்லது. ஆமாம், ஐஸ்பழம்தான். காய்ச்சலில் ஐஸா என்று அம்மாயி திட்டினால் என் மேல் பழி போடுங்கள். சூடான கொத்தமல்லித் தண்ணி, இஞ்சி, தோடம்பழச் சாறு, மிளகாய் போட்ட எதுவும் வேண்டாம், எரியும். பரசிட்டமோலை நிறைக்குத் தக்க அளவில், குடிக்கக் கொடுப்பதற்கு அரை மணி முன் கொடுத்தால் வலி குறைந்து குடிக்கும். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வாயை மரக்க வைக்கும் ஜெல்லைக் கடையில் வாங்கித் தடவ வேண்டாம். ஒரு வயதாகாத பிள்ளையின் புண்ணில் தேன் தடவக் கூடாது, அதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, அதாவது நாம் கெப்சூல் என்று கேட்டு வாங்குவது, வைரஸை ஒன்றும் செய்யாது.

நோய் தொடங்கி மூன்று நாளுக்குள் போனால் அசைக்ளோவிர் பாணி கொடுத்து நோய் நாளைக் குறைக்கலாம். அதனால் முதல் நாளே காட்டுவது லாபம். ஆறு முதல் எட்டு மணி நேரம் மூத்திரம் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, சோர்ந்து கிடக்கிறது என்றால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண் சிவந்தால், கரப்பான் உள்ள தோலில் கொப்புளம் வேகமாகப் பரவினால், பிள்ளை உளறினால், வலிப்பு வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

மூளை அழற்சி எந்த வயதிலும் வரலாம், ஆனால் மிக அரிது. சில பிள்ளைகளுக்கு மற்ற எல்லா எதிர்ப்பும் சரியாக இருந்து, இந்த ஒரு வைரஸைக் கண்டதும் தப்படிக்க வேண்டிய ஒரே ஒரு மரபணு பழுதாக இருக்கிறது என்று 2006, 2007இல் கண்டுபிடித்தார்கள். தாய் கவனிக்காததால் வந்தது என்று பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில், விடலாமா?

எச்சில் வழியும் நாட்களில் வேண்டாம். அங்கே ஒரே பொம்மையைப் பத்துப் பிள்ளைகள் வாயில் வைக்கும், அவர்களில் ஆறேழு மாதக் குழந்தைகளும் இருப்பார்கள். காய்ச்சல் விட்டு, எச்சில் வழிவது நின்று, புண் ஆறியதும் விடலாம். பழைய நோய் திரும்பி உதட்டில் ஒரு கொப்புளம் மட்டும் வந்திருந்தால் தடுக்கத் தேவையில்லை. அம்மா இரண்டு நாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் வீட்டுக் கணக்கு என்னவாகும் என்று எனக்கும் தெரியும். முடியாவிட்டால் ஆயாவிடம் சொல்லித் தனிக் கோப்பை, தனித் துவாய் கேளுங்கள். ஒளித்து விட்டுவிட்டு வராதீர்கள்.

ஒருமுறை வந்தால் திரும்ப வராதா?

சின்னமுத்து போல ஒருமுறையோடு முடியும் நோய் இல்லை இது. புண் ஆறியதும் வைரஸ் கன்னத்து நரம்பின் முடிச்சில் போய்த் தூங்கும். காய்ச்சல், களைப்பு, வெயில் என்று ஏதாவது தட்டினால் எழுந்து உதட்டுக்கு வரும். எதிர்ப்புச் சக்தியால் அதை விரட்ட முடியாது, அடக்கி வைக்க முடியும். அதனால்தான் இரண்டாம் தடவை வாய் முழுக்க வராமல் ஓரத்தில் ஒரு கொத்தோடு நிற்கிறது.

வெயில் என்றதும் சிரிக்க வேண்டாம். உயரம் 1,000 மீற்றர் கூடக் கூட, புற ஊதாக் கதிர் சுமார் 10 வீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. குளிருகிறதே என்று நாம்தான் வெயிலை மறந்துவிடுகிறோம்.

எதிர்ப்புச் சக்தி கூட என்ன டொனிக் கொடுக்கலாம்? தடுப்பூசி உண்டா?

தடுப்பூசி இன்னும் இல்லை. கொப்புளிப்பான் ஊசி இதற்கு வேலை செய்யாது.

டொனிக்கும் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு முட்டை, பருப்பு, நெத்தலி, கீரை. சொல்வது சுலபம். 2016இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் மட்டும் அது சுமார் 32. கடுமையாகப் போசாக்குக் குறைந்த பிள்ளைக்கு டி அணுக்களும் குறையும், இந்த வைரஸும் மோசமாகத் தாக்கும். 1,500 ரூபா டொனிக்குக்குப் பதில் அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள் என்பதுதான் என் பேச்சு.

பேர் வைக்கும் நாளுக்கு மாமியார் வருகிறார். உதட்டில் கொப்புளம். எப்படிச் சொல்வது?

மருமகள் சொன்னால் சண்டை, மகன் சொன்னால் கோபம். மிட்வைஃப் மிஸ் சொன்னார் என்று சொல்லுங்கள், அவர் மறுக்க மாட்டார். முதல் மாதம் வெளியாட்களை அறைக்குள் விடாத பழைய வழக்கம் ஒன்று நம்மிடம் இருந்ததே, அதையும் நினைவுபடுத்துங்கள். பெரியவர்களே வைத்த சட்டம் என்பதால் கோபம் கொஞ்சம் தணியும். அத்தையைத் தள்ளி வைக்கவும் வேண்டாம். கை கழுவிவிட்டு, மாஸ்க் போட்டு, பிள்ளையை மடியில் வைத்துத் தாலாட்டுப் பாடலாம். கொஞ்ச வேண்டுமென்றால் சொக்ஸ் போட்ட காலைப் பிடித்துக் கொஞ்சட்டும். கையை வேண்டாம், அது அடுத்த நிமிடம் பிள்ளையின் வாய்க்குள் போய்விடும்.